ஓக் மரத்துக்கு வேர் அழுகலா? இலையை விடுங்க, தூரைத் தோண்டிப் பாருங்க

ஓக் மரம், அதாவது கருவாலி, லேசா வாடுற மாதிரி தெரிஞ்சா எல்லாரும் முதல்ல என்ன பண்ணுவோம், ஓஸை இழுத்துட்டு வந்து தூர்லயே தண்ணிய திறந்து விட்டுருவோம். நானும் அதான் பண்ணேன். ஆனா வேர் அழுகுன மரத்துக்கு பக்கத்துல தண்ணி இருந்தாலும் உறிஞ்ச வேர் இல்ல, அதனாலதான் வாடுது, அதுல போய் நாம மேல மேல ஊத்துனா அழுக வைக்கிறவனுக்குத்தான் விருந்து. அதனால ஓஸை கீழ போட்டுட்டு கீழ உள்ளபடி ஒண்ணொண்ணா பாருங்க.

ஸ்டெப் 1: தள்ளி நின்னு பாருங்க

உச்சிக் கிளைங்க காஞ்சு மொட்டையா நிக்குதா, இலை வழக்கத்தைவிட சின்னதா வெளுத்து இருக்கா, தலை வழியா வானம் ஜாஸ்தி தெரியுதா. இது வறட்சியிலயும் வரும், பூச்சி வந்தாலும் வரும், அதனால இதை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க. மரம் புதுசா ஒரு பக்கம் சாஞ்சிருந்தா, இல்ல அடி மண்ணு வெடிச்சு தூக்கியிருந்தா கிட்டவே போகாதீங்க, மரம் வெட்டத் தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுங்க.

ஸ்டெப் 2: தூரைத் திறங்க

முக்கியமான ஸ்டெப்பே இதான். நல்லா இருக்கிற ஓக் தூர்ல விரிஞ்சு மண்ணுக்குள்ள இறங்கும். கரண்ட் கம்பம் நட்ட மாதிரி நேரா இறங்குதுன்னா யாரோ மண்ணைக் குமிச்சு மூடிட்டாங்கன்னு அர்த்தம். களைக்கொத்தியால மெதுவா, பட்டைல அடிபடாம, பெரிய வேர் பிரியுற இடம் தெரியுற வரைக்கும் மண்ணை விலக்குங்க.

ஸ்டெப் 3: பட்டைல சின்ன ஜன்னல்

செத்துப்போன மாதிரி தொளதொளன்னு இருக்கிற இடத்துல மட்டும் கத்தியால ரெண்டு விரல் அகலத்துக்கு பட்டையைத் தூக்கிப் பாருங்க. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல வெள்ளையா, விசிறி விரிச்ச மாதிரி படலம் ஒட்டியிருந்து காளான் வாசனை வந்துச்சுன்னா அது ஆர்மில்லாரியா, வேரை அழுக வைக்கிற பூஞ்சை, தேன் காளான்னு சொல்லுவாங்க. மண்ணுல கறுப்பா ஷூ லேஸ் மாதிரி கயிறும் ஓடும், அதுவழியாதான் அடுத்த மரத்துக்குப் போகும். நான் முதல் தடவை சாதாரண வேரையே அந்தக் கயிறுன்னு நெனச்சு பதறிட்டேன். பிச்சுப் பாருங்க, வேர்ன்னா நடுவுல கட்டை இருக்கும், கயிறுன்னா கறுப்புத் தோலுக்குள்ள வெள்ளைப் பஞ்சு மாதிரி இருக்கும். இலையுதிர் காலத்துல மழைக்கு அப்புறம் தூர்ல தேன் கலர்ல கொத்துக்கொத்தா காளான் வரும், சில வருஷம் வரவே வராது, அதனால காளான் இல்லைன்னு நிம்மதியாயிடாதீங்க.

வெள்ளைப் படலம் இல்லாம பட்டை உள்பக்கம் செம்பழுப்பா செத்துப்போயி, வெளிய தார் ஒழுகுன மாதிரி கறை இருந்து, சல்லி வேரெல்லாம் காணாமப் போயிருந்தா ஃபைட்டாஃப்தோரான்னு சந்தேகப்படலாம். பாக்க பூஞ்சை மாதிரி இருந்தாலும் இது நெஜமான பூஞ்சை கிடையாது, இதோட வித்து ஈர மண்ணுல நீந்திப் போயி வேரைப் பிடிக்கும். கண்ணால உறுதி பண்ண முடியாது, லேபுக்கு மண்ணும் வேரும் அனுப்பணும்.

மூணாவது ஒண்ணு, தூர்ல பலகை மாதிரி தடிச்ச காளான், மேல தேன் சொட்டு மாதிரி துளித்துளியா நிக்கும். எனக்கு பயம் இதுலதான், ஏன்னா மேல இலை பச்சைப்பசேல்னு இருக்கும்போதே கீழ வேர் மக்கி ஒருநாள் காத்துல மரம் சாஞ்சுரும்.

ஸ்டெப் 4: உங்க ஓக் எந்த ஜாதி?

கலிஃபோர்னியாவோட கோஸ்ட் லைவ் ஓக், ப்ளூ ஓக் எல்லாம் வெயில்காலம் முழுக்க காஞ்ச மண்ணுல வாழ்ந்து பழகுனது, அதுக்கு அடியில புல்தரை போட்டு தினம் ஸ்ப்ரிங்க்ளர் ஓடவிட்டா தேன் காளானுக்கு கதவைத் திறந்து விட்ட மாதிரி. ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் ஹோம் ஓக்கையும் கார்க் ஓக்கையும் காலி பண்றதுல ஃபைட்டாஃப்தோரா சின்னமோமிங்கிற வகைக்கு பெரிய பங்கு இருக்கு, இதை 1922ல முதல்ல கண்டுபிடிச்சது சுமத்ராவுல இலவங்கப்பட்டை மரத்துல. ஐரோப்பாவுல இருக்கிற இங்கிலிஷ் ஓக்கு, ரெட் ஓக்கு வேர்ல கொலிபியான்னு இன்னொரு காளான் வருஷக்கணக்கா மெதுவா அரிச்சுட்டே இருக்கும்.

ஸ்டெப் 5: இப்ப என்ன பண்றது

தேன் காளானை மருந்து ஊத்தி குணமாக்க முடியாது, அப்படிச் சொல்லி விக்கிறவங்களை நம்பாதீங்க. ஃபைட்டாஃப்தோராவுக்கு பாஸ்போனேட்னு ஒரு மருந்து இருக்கு, அதுவும் வேகத்தைக் குறைக்கும், அவ்ளோதான். நம்ம கைல இருக்கிறது தூரைக் காய வைக்கிறது. திறந்த தூரை அப்படியே திறந்து விடுங்க, தண்டுல இருந்து 3 மீட்டருக்குள்ள தண்ணி விடாதீங்க, மூடாக்கு போட்டாலும் தண்டுல படாம தள்ளிப் போடுங்க, காஞ்ச கிளையைத் தவிர கவாத்து வேண்டாம். ஷூவுல, களைக்கொத்தியில ஒட்டுன மண்ணைக் கழுவிட்டுத்தான் அடுத்த மரத்துக்குப் போகணும், ஈர மண்ணோட சேந்து நோயும் வந்துரும்.

ஸ்டெப் 6: மரம் போயிடுச்சுன்னா

வெட்டிட்டு கட்டையை மண்ணுல விட்டா தேன் காளான் அதைத் தின்னே பல வருஷம் உயிரோட இருக்கும், அந்தக் கறுப்புக் கயிறு வருஷத்துக்கு 1 மீட்டர் வரைக்கும் போகும். அதனால முடிஞ்ச அளவு வேரோட பிடுங்குங்க, முடியலைன்னா பக்கத்து மரத்தைக் காப்பாத்த 45 செ.மீ. ஆழத்துக்கு தடிமனான பிளாஸ்டிக் ஷீட்டைப் பதிச்சு, மண்ணுக்கு மேலயும் ரெண்டு மூணு செ.மீ. தெரியுற மாதிரி விடுங்க. அதே குழியில உடனே இன்னொரு ஓக் நடாதீங்க.

தேன் காளான் புடிச்ச ஈரமான கட்டை ஒண்ணு கிடைச்சா தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி இருட்டு ரூம்ல வெச்சு, கண்ணு இருட்டுக்குப் பழகுற வரைக்கும் பத்து நிமிஷம் சும்மா உக்காருங்க, மங்கலா பச்சையா மினுங்குனாலும் மினுங்கும். அத்தனை மரத்தைக் கொல்ற பயலுக்கு இப்படி ஒரு அழகு.