கனடாவில் சின்ன பட்ஜெட் காமெடிப் படம்: எங்கே சறுக்குகிறார்கள்?

கனடாவில் கொஞ்சப் பணத்தை வைத்துக்கொண்டு ஆங்கிலக் காமெடி எடுக்க வருபவர்கள் முதலில் செய்யும் தப்பு, கனடாவையே ஒளித்து வைப்பது. காரின் நம்பர் பிளேட்டை மாற்றுவது, கனடா போஸ்டின் சிவப்புத் தபால் பெட்டி ஃபிரேமில் விழாமல் கேமராவைத் திருப்புவது, டொராண்டோ தெருவை நியூயார்க் என்று சாதிப்பது. ஹாலிவுட் கம்பெனிகள் அங்கே பல வருஷமாக இதைத்தான் செய்கின்றன. ஆனால் அவர்களிடம் கலை இயக்குநரும் லாரி லாரியாகச் சாமானும் இருக்கின்றன. காசில்லாதவர் அதையே செய்யப் போனால் திரையில் தெரிவது எந்த ஊரிலும் சேராத ஓர் ஊர்தான். அங்கே ஜோக் எப்படிப் பிறக்கும்? ஒருத்தன் எதற்குப் பயப்படுகிறான், யார் முன்னால் கூச்சப்படுகிறான் என்பதெல்லாம் ஊரோடு ஒட்டிய விஷயம்.

இதற்கு நேர் எதிரான உதாரணமாக எனக்கு எப்போதும் தோன்றுவது 2000இல் வந்த ‘வேடவுன்டவுன்’. மேற்குக் கனடாவிலுள்ள கால்கரி நகர மையத்தில் ஆபீஸ் கட்டடங்களையும் கடைத்தொகுதிகளையும் இணைத்து, தெருவுக்கு மேலே மூடிய நடைபாலங்கள் ஓடுகின்றன. தரையிலிருந்து ஏறக்குறைய 15 அடி உயரம் என்பதால் ‘பிளஸ் 15’ என்று பெயர். மைனஸ் 30 குளிரிலும் கோட் போடாமல் வீட்டிலிருந்து ஆபீஸ், ஆபீஸிலிருந்து சாப்பாட்டுக் கூடம் என்று அங்கே வாழ்ந்துவிடலாம். இயக்குநர் கேரி பர்ன்ஸ் இதிலிருந்தே கதையைப் பிடித்தார். நான்கு ஆபீஸ்காரர்கள் ஒரு மாசச் சம்பளத்தைப் பந்தயம் கட்டுகிறார்கள்: யார் அதிக நாள் வெளியே கால் வைக்காமல் இருப்பது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளிப்புறக் காட்சிக்குப் பனியோடு மல்லுக்கட்ட வேண்டாம், செட் போட வேண்டாம். அந்தக் காலத்து டிஜிட்டல் வீடியோவின் வெளிறிய படமும் டியூப்லைட் வெளிச்சமும், காற்றுப் படாமல் மெல்லக் கிறுக்குப் பிடிக்கும் ஆட்களுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்திவிட்டன. பணப் பற்றாக்குறை என்று தெரிய வேண்டியதெல்லாம் கதைக்குள் ஒரு காரணமாக மாறிவிட்டது. அந்த ஆண்டு டொராண்டோ திரைப்பட விழாவில் சிறந்த கனடியப் படத்துக்கான விருதும் கிடைத்தது.

அடுத்த தப்பு, ‘சும்மா பேசவிட்டால் போதும், நடிகர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்ற நம்பிக்கை. இதைச் சொல்பவர்கள் வழக்கமாகக் கைகாட்டும் படம் மைக்கேல் டவ்ஸ் இயக்கிய ‘ஃபூபார்’. கால்கரி இருக்கும் ஆல்பர்ட்டா மாகாணத்தில் பீரும் ஹெவி மெட்டலுமாகத் திரியும் இரண்டு நண்பர்களை ஒருவர் ஆவணப்படம் எடுப்பதாகக் காட்டும் போலி ஆவணப்படம் அது. 2002இல் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. வசனம் அங்கங்கே வாய்க்கு வந்தபடி போவது உண்மைதான். ஆனால் அடியில் ஒரு முதுகெலும்பு இருக்கிறது: நண்பர்களில் ஒருவனான டீனுக்கு விரைப்புற்று நோய், அவனோ அதைப் பற்றிப் பேசவே மறுக்கிறான். அந்தப் பயம் உள்ளே இருப்பதால்தான் மேலே நடக்கும் வெட்டிப்பேச்சு சலிக்காமல் போகிறது. டீனாக வந்த பால் ஸ்பென்ஸும் நண்பன் டெர்ரியாக வந்த டேவிட் லாரன்ஸும் அந்த ஆட்களைத் தங்கள் உடம்பிலேயே வைத்திருந்தார்கள். இவை இரண்டும் இல்லாமல் கேமராவை ஓடவிட்டால், பத்து நிமிஷ டேக்கில் ஒரு சிரிப்புதான் தேறும். அதைத் தேடி எடுக்க எடிட்டருக்கு மாசக்கணக்காகும். அந்த எடிட்டருக்கோ பெரும்பாலும் சம்பளமே ஒதுக்கியிருக்க மாட்டார்கள்!

ஒலிக்கு வருவோம். படம் கொஞ்சம் மங்கினால் ரசிகர் மன்னிப்பார். பஞ்ச் வசனம் காதில் விழாவிட்டால் மன்னிக்க மாட்டார். பனிக்காலத்தில் சட்டையில் குத்தும் சின்ன மைக்கை நைலான் கோட்டுக்குள் வைத்தால், நடிகர் கையை அசைக்கும்போதெல்லாம் சரசரவென்று கேட்கும். கம்பளித் தொப்பியின் மடிப்புக்குள் ஒளித்து வைப்பது நல்லது. டேக் முடிந்ததும் அதே இடத்தில், கேமரா இல்லாமல் வசனத்தை மட்டும் இன்னொரு தடவை பதிவு செய்துகொள்ளுங்கள். அப்புறம் ஸ்டுடியோவில் டப்பிங் செய்தால் வார்த்தை கிடைக்கும், அந்த இடத்தில் விழுந்த டைமிங் கிடைக்காது. யாராவது வீட்டுச் சமையலறையில் எடுக்கும்போது ஃபிரிட்ஜை அணைக்க வேண்டியிருக்கும். அணைத்தவர் தன் கார் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுவது படக்குழுக்களில் பழைய வழக்கம். சாவியில்லாமல் வீட்டுக்குக் கிளம்ப முடியாது, ஆகவே திரும்பப் போட மறக்கவும் முடியாது. இடம் கொடுத்த வீட்டுக்காரரின் இறைச்சியும் பாலும் தப்பிக்கும்.

குளிரைப் பற்றி இரண்டே வார்த்தை. பேட்டரியை உள்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து கேமராவை நேரே சூடான அறைக்குள் கொண்டுவராதீர்கள், லென்ஸ் வியர்த்துவிடும். பையை இறுக்க மூடி வைத்து மெல்லச் சூடேற விடுங்கள். டிசம்பர் பிற்பாதியில் கால்கரியில் பகல் எட்டு மணி நேரம்கூட இருக்காது என்பதைப் பார்த்து ஷெட்யூல் போடுங்கள்.

பண விஷயத்தில் நடக்கும் தப்பு இதைவிடப் பெரிது. மத்திய அரசின் கனடியத் தயாரிப்பு வரிச்சலுகையைக் கையிருப்புப் பணமாகவே கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அது தகுதியுள்ள ஊதியச் செலவில் 25 சதவீதம். படம் முடிந்து, கணக்கு ஒப்படைத்த பிறகுதான் வரும். ‘கனடியப் படம்’ என்ற சான்றிதழுக்குப் பத்துப் புள்ளியில் குறைந்தது ஆறு வேண்டும். கனடிய இயக்குநருக்கு 2, கனடியத் திரைக்கதையாசிரியருக்கு 2, மற்றவை முன்னணி நடிகர்கள், ஒளிப்பதிவாளர், எடிட்டர், இசையமைப்பாளர் போன்றவர்களுக்கு. படம் முடிந்து இரண்டு ஆண்டுக்குள் கனடாவில் மக்கள் பார்வைக்கு வரும் என்பதற்கு ஏற்பாடும் காட்ட வேண்டும். அதாவது, விநியோகஸ்தரைப் பற்றி ‘படம் முடியட்டும், பார்ப்போம்’ என்று தள்ளிப்போட முடியாது. இன்னொன்று: நண்பர்கள் சம்பளமில்லாமல் வேலை செய்தால் செலவு மிச்சம் என்று தோன்றும். ஆனால் கொடுத்த சம்பளத்தின் மேல்தான் சலுகை கணக்கிடப்படுகிறது. கொடுக்காத சம்பளத்துக்குச் சலுகை ஏது?

பின்னணியில் ரேடியோவில் ஒரு ஹிட் பாட்டு ஓடுகிறது, ‘பத்து செகண்டுதானே’ என்று விட்டுவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. பத்து செகண்டு வரை இலவசம் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. அனுமதி கேட்காமல் எதை எவ்வளவு எடுத்தாளலாம் என்று சொல்லும் கனடாவின் ‘ஃபேர் டீலிங்’ விதியில் பகடியும் நையாண்டியும் 2012இல்தான் சேர்ந்தன. அது அமெரிக்காவில் இதற்கென உள்ள ‘ஃபேர் யூஸ்’ விதி அல்ல. உரிமைத் தகராறுகளுக்கான இன்ஷூரன்ஸ் இல்லாமல் விநியோகஸ்தர் படத்தைத் தொடுவது அரிது. பாட்டுக்கும் லோகோவுக்கும் முகத்துக்கும் எழுத்தில் அனுமதி இல்லாவிட்டால் அந்த இன்ஷூரன்ஸும் கிடைக்காது. மேட் ஜான்சன், ஜே மெக்கரொல் என்ற காமெடி ஜோடி டொராண்டோ தெருவில் நிஜ ஜனங்களுக்கு நடுவே புகுந்து எடுப்பதைப் பார்த்துவிட்டு, ‘நாமும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினால் போச்சு’ என்று கிளம்புபவர்கள் அந்தத் துணிச்சலைத்தான் பார்க்கிறார்கள். ஜான்சனும் மெக்கரொலும் 2007இலிருந்து இணையத் தொடர், அப்புறம் டிவி தொடர் என்று இதே வேலையில் கை பழகியவர்கள். எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று வக்கீல்களிடம் கேட்டுக்கொண்டே வேலை செய்பவர்கள்.

படம் முடிந்தது, சரி. வரவேற்பை அளப்பதிலும் சறுக்கல் உண்டு. முதல் காட்சியில் பாதி அரங்கம் நடிகர்களின் சொந்தக்காரர்கள். அங்கே கேட்கும் சிரிப்பை நம்பி எடிட்டிங்கை மூடிவிடக் கூடாது. படத்தில் யாரையும் தெரியாத இருபது பேரை உட்காரவைத்து, அவர்கள் எங்கே ஃபோனை எடுக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் சோதனை. அதேபோல முதல் வார வசூலை வைத்துத் தீர்ப்பு எழுதுவதும் அநியாயம். கனடாவின் ஆங்கிலத் திரையரங்குகளில் உள்நாட்டுப் படங்களின் பங்கு வழக்கமாகவே சொற்பம். திரைகளில் பெரும்பகுதி அமெரிக்கப் படங்களுக்குப் போய்விடும். பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தின் படங்களோடு ஒப்பிட்டு இவற்றைக் குறை சொல்பவர்கள், அங்கே சொந்த நட்சத்திரங்களும் சொந்த டிவி நிகழ்ச்சிகளும் சொந்தக் கிசுகிசுவும் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். ‘ஃபூபார்’ தியேட்டரைவிட வீட்டு சோபாக்களில்தான் வளர்ந்தது. நண்பர்கள் வட்டத்தில் வசனம் பரவி, எட்டு வருஷம் கழித்து, 2010இல், இரண்டாம் பாகம் வந்தது. அது டொராண்டோ விழாவின் நள்ளிரவுப் பிரிவில் திரையிடப்பட்டது.

அதே நள்ளிரவுப் பிரிவில் 2025இல் ரசிகர் விருதை வாங்கியது ஜான்சனும் மெக்கரொலும் எடுத்த ‘நிர்வானா த பேண்ட் த ஷோ த மூவி’. அந்த வருஷம் மார்ச்சில் டெக்ஸாஸின் எஸ்.எக்ஸ்.எஸ்.டபிள்யூ. விழாவில்தான் முதலில் காட்டினார்கள். நாயகர்களின் ஆசை முழுவதும் டொராண்டோவின் குவீன் தெருவிலுள்ள ரிவோலி என்ற சின்ன அரங்கில் ஒருநாள் கச்சேரி செய்ய வேண்டும் என்பதுதான். அமெரிக்கர்களுக்குப் புரியுமோ என்று பயந்து அந்தப் பெயரை யாரும் மாற்றவில்லை. டெக்ஸாஸ்காரர்களில் முக்கால்வாசிப் பேர் ரிவோலியைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். அவர்களும் சிரித்தார்கள்.