டெசிராவில் சத்த அளவை டெக்ஸ்ட் கமாண்ட் மூலம் மாற்றுவது எப்படி?

கான்பரன்ஸ் அறையில் எதிர்முனைக் குரல் மெலிதாகக் கேட்டால் பலரும் நேராக ஆம்ப்ளிஃபயர் திருகில் கை வைத்துவிடுகிறார்கள். அந்தத் திருகல், அறையின் ஒலியைக் கணக்கிட்டுச் சீராக்கும் டிஎஸ்பி கருவிக்குத் தெரியாது. ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்கு எவ்வளவு திரும்பும் என்று, எதிரொலியை நீக்கும் அதன் எக்கோ கேன்சலர் போட்டு வைத்த கணக்கு தப்பிவிடும். அது மறுபடி பழகும்வரை எதிர்முனையில் பேசுபவருக்குத் தன் குரலே திரும்பக் கேட்கலாம். அளவை டிஎஸ்பிக்குள்ளேயே மாற்றுவதுதான் முறை. பயாம்ப் நிறுவனத்தின் டெசிரா என்ற டிஎஸ்பி கருவியை வைத்து அதைப் பார்ப்போம்.

முதலில், எதை மாற்றப் போகிறோம்? மைக் உள்ளே நுழையும் இடத்தில் அதன் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப் கெயின் ஒன்று. அதற்கு அப்புறம் வரும், சத்த அளவைக் கூட்டிக் குறைக்கும் லெவல் பிளாக் இன்னொன்று. ப்ரீஆம்ப் கெயினை அறையை அமைக்கும்போது ஒருமுறை சரியாக வைத்துவிட்டு, பிறகு தொடக்கூடாது. அதைக் கூட்டினால் இரைச்சலும் கூடும், எக்கோ கேன்சலரும் குழம்பும். தினசரி வேலைக்கு லெவல் பிளாக் மட்டும் போதும். ஸ்பீக்கருக்குப் போகும் பாதையில் எக்கோ கேன்சலருக்கான ரெஃபரன்ஸை, அதாவது அது ஒப்பிட்டுப் பார்க்கும் ஸ்பீக்கர் சிக்னலை, லெவல் பிளாக்குக்கு அடுத்து எடுங்கள். அப்போது நீங்கள் செய்யும் மாற்றம் அதற்கும் தெரியும்.

படி 1: டிசைன் மென்பொருளில் அந்த லெவல் பிளாக்குக்கு ஒரு இன்ஸ்டன்ஸ் டேக், அதாவது கமாண்டில் அதை அழைக்கும் பெயர், கொடுங்கள். 'ரூம்வால்' என்று வைத்துக்கொள்வோம். பெயருக்குள் இடைவெளி வேண்டாம்.

படி 2: அதே நெட்வொர்க்கில் இருக்கும் கணினியிலிருந்து, கருவியின் ஐபி முகவரிக்கு டெல்நெட்டில் (எழுத்துக் கமாண்டுகளை நெட்வொர்க்கில் அனுப்பும் முறை), போர்ட் 23 வழியாக இணையுங்கள். வரவேற்பு வரி தெரிந்தால் இணைந்தாயிற்று. தெரியவில்லை என்றால், கருவியின் நெட்வொர்க் அமைப்பில் டெல்நெட் அணைந்திருக்கிறதா பாருங்கள். டெல்நெட்டில் போவதெல்லாம் மறைக்கப்படாத எழுத்து. பொது நெட்வொர்க்கில், அதையே மறைத்து அனுப்பும் எஸ்எஸ்ஹெச் நல்லது.

படி 3: மாற்றும் முன் இப்போதைய அளவைப் படியுங்கள். கமாண்டுகளை இங்கே உச்சரிப்பில் எழுதுகிறேன். டைப் செய்யும்போது ஆங்கில எழுத்துகளில், சொல்லுக்குச் சொல் ஓர் இடைவெளி விட்டு, கடைசியில் என்டர்.

ரூம்வால் கெட் லெவல் 1

1 என்பது சேனல் எண். 'பிளஸ் ஓகே' என்று தொடங்கி, மதிப்பு -12.000000 என்பதுபோல் பதில் வரும். எண் டெசிபெலில். 'மைனஸ் இஆர்ஆர்' என்று தொடங்கினால் பிழை. பெரும்பாலும் டேக் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறியிருக்கும். டெசிரா அந்த வித்தியாசத்தைக் கண்டிப்பாகப் பார்க்கும்.

படி 4: மாற்றுங்கள்.

ரூம்வால் செட் லெவல் 1 -10
ரூம்வால் இன்க்ரிமென்ட் லெவல் 1 2
ரூம்வால் டிக்ரிமென்ட் லெவல் 1 2

முதலாவது நேராக -10க்குப் போகும். மற்ற இரண்டும் இருக்கும் இடத்திலிருந்து 2 டெசிபெல் கூட்டும், குறைக்கும். கட்டுப்பாட்டு பேனலில் பட்டனின் ஓர் அழுத்தலுக்கு 2 டெசிபெல் நல்ல அளவு. 10 டெசிபெல் கூட்டினால் காதுக்குச் சத்தம் ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றும், ஆகவே ஒரே தாவலில் அவ்வளவு போக வேண்டாம்.

படி 5: உச்சவரம்பு போடுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. யாராவது 'கூட்டு' பட்டனை விடாமல் அழுத்தினால் அறை ஊளையிடும்.

ரூம்வால் செட் மேக்ஸ்லெவல் 1 0

மேக்ஸ்லெவல் ஒரே சொல். நடுவில் வரும் 'எல்' மட்டும் பெரிய எழுத்து. இனி எத்தனை முறை கூட்டினாலும் 0 டெசிபெலைத் தாண்டாது.

மியூட் தனி விஷயம். 'ரூம்வால் செட் மியூட் 1 ட்ரூ' என்றால் சத்தம் நிற்கும், 'ஃபால்ஸ்' என்றால் திரும்பும். லெவல் எண் அப்படியே இருக்கும். இருக்கும் நிலையை எதிராக மாற்றும் 'டாகிள்' கமாண்டும் உண்டு, ஆனால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு பேனல்களில் இருவர் ஒரே நேரத்தில் அழுத்தினால், மியூட் ஆகியிருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாமல் போகும். ட்ரூ, ஃபால்ஸ் என்று தெளிவாகச் சொல்லிவிட்டால் அந்தச் சந்தேகமே இல்லை.

பேனலில் காட்டும் எண் உண்மை நிலையோடு ஒத்துப்போக, 'கெட்' கமாண்டைத் திரும்பத் திரும்ப அனுப்புவதைவிட 'சப்ஸ்க்ரைப்' கமாண்டைப் பயன்படுத்துங்கள். அளவு மாறும்போது கருவியே தகவல் அனுப்பும். இணைப்பு அறுந்து மறுபடி சேர்ந்தால் அதைப் புதிதாகக் கொடுக்க வேண்டும்.