போர்ட் ஒயின்: வாங்கும்போதும் ஊற்றும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் விளையும் போர்ட் ஒயினை வாங்குபவர்கள் பலரும் புட்டியில் 'போர்ட்' என்ற பெயரை மட்டும் பார்க்கிறார்கள். முதல் தவறு அதுதான். அது மரப்பீப்பாயில் முதிர்ந்ததா, புட்டிக்குள் முதிர வேண்டியதா என்று தெரிந்துகொண்டால்தான் எப்படி வைப்பது, எப்போது திறப்பது, எத்தனை நாளில் முடிப்பது என்பதெல்லாம் பிடிபடும்.

டானி வகை பீப்பாயில் பல ஆண்டுகள் கிடந்து, காற்று மெல்லப் பட்டுப்பட்டு, சிவப்பு மங்கிப் பழுப்பாகி, கொட்டைப் பருப்பும் கேரமலும் கலந்த மணத்தோடு வெளிவருகிறது. லேபிளில் உள்ள 10, 20, 30, 40 என்ற எண் ஒவ்வொரு துளியின் வயதும் அல்ல. பல வயதுள்ள ஒயின்களைக் கலந்து எட்டிய முதிர்ச்சியை அது சொல்கிறது. அதைப் புட்டிக்கு மாற்றும்போதே குடிக்கும் பக்குவம் வந்துவிடுகிறது. 'இன்னும் பத்து வருடம் வைத்தால் இருபது வயது டானி ஆகிவிடும்' என்று அலமாரியில் பூட்டிவைப்பது வீண்.

ஒரே ஆண்டு விளைச்சலில் செய்யும் வின்டேஜ் வகை இதற்கு நேர் எதிர். இரண்டு, மூன்று ஆண்டுகளிலேயே வடிகட்டாமல் புட்டியில் அடைத்துவிடுவார்கள். முதிர்ச்சி முழுக்கப் புட்டிக்குள்தான்; பல பத்தாண்டுகள் தாங்கும். கார்க் காயாதபடி புட்டியைப் படுக்கவைத்து, வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். கொல்ஹெய்டா என்ற வகையிலும் ஒரே விளைச்சல் ஆண்டுதான் இருக்கும் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. கொல்ஹெய்டா குறைந்தது 7 ஆண்டுகள் பீப்பாயில் இருந்த டானி. புட்டியில் அடைத்த ஆண்டும் லேபிளில் இருக்கும். இரண்டு ஆண்டுகளுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும்.

வின்டேஜைத் திறப்பதில்தான் அதிகம் கெடுக்கிறார்கள். படுத்திருந்த புட்டியை எடுத்த கையோடு ஊற்றினால் அடியில் படிந்த வண்டல் கலங்கி, நாக்கில் மணல்போல நெருடும், கசக்கும். முந்தைய நாளே புட்டியை நிமிர்த்தி வையுங்கள். பழைய கார்க் எளிதில் நொறுங்கும் என்பதால் கார்க் திறக்கும் திருகாணியை நேராக, மெதுவாக இறக்குங்கள். நொறுங்கிவிட்டாலும் கவலை வேண்டாம், சுத்தமான மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ளலாம். புட்டியின் கழுத்துக்குக் கீழே ஒரு விளக்கை வைத்து, கை நிறுத்தாமல் ஒரே சீராக ஒரு கண்ணாடிக் குடுவைக்கு மாற்றுங்கள். கறுப்பாக ஒரு கோடு கழுத்தை நெருங்கும்போது நிறுத்திவிட வேண்டும். மிஞ்சுவதற்கு ஆசைப்பட்டால் மொத்தமும் கலங்கிவிடும்.

'அறை வெப்பநிலையில் பரிமாறு' என்ற அறிவுரையை நம்பி 25 டிகிரியில் ஊற்றுவதும் தவறு. ஆல்கஹால் நெடி மூக்கில் ஏறி, இனிப்பு திகட்டும். டானிக்கு 10 முதல் 14 டிகிரி, இளமையான சிவப்பு வகையான ரூபிக்கு 12 முதல் 16, வின்டேஜுக்கு 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் சரியாக வரும். கட்டைவிரல் அளவுக் கோப்பையும் வேண்டாம். அதில் மணம் எழ இடமே இல்லை. வாய் சற்றுக் குறுகிய ஒயின் கோப்பையில் 60 முதல் 75 மி.லி. ஊற்றினால் போதும்.

இனிப்பாக இருப்பதால் லேசான பானம் என்று எண்ணிவிடக் கூடாது. நொதித்தல் பாதியில் இருக்கும்போதே 77 சதவீத ஆல்கஹால் உள்ள திராட்சைச் சாராயத்தைச் சேர்த்து ஈஸ்ட்டை நிறுத்திவிடுகிறார்கள். நொதிக்காமல் நின்ற பழச்சர்க்கரைதான் அந்த இனிப்பு. முடிவில் ஒயினில் இருக்கும் ஆல்கஹாலோ பெரும்பாலும் 19 முதல் 22 சதவீதம்.

அந்தச் சாராயம் இருப்பதால் திறந்த புட்டி கெடவே கெடாது என்ற நம்பிக்கையும் சரியல்ல. முதிர்ந்த வின்டேஜ் இரண்டு மூன்று நாட்களில் மணம் இழந்துவிடும். ரூபி ஒரு வாரம், பத்து நாள் தாங்கும். ஏற்கெனவே காற்றோடு பழகிய டானி, குளிர்சாதனப் பெட்டியில் மூடிவைத்தால் மூன்று நான்கு வாரம் நன்றாகவே இருக்கும். தனியாகக் குடிப்பவர்கள் டானியை வாங்குவதே நல்லது.

உடன் சாப்பிடுவது ஒயினைவிட அதிகமாக இனித்தால் ஒயின் புளிப்பாகவும் வெறுமையாகவும் தெரியும். வின்டேஜோடு உப்புத் தூக்கலான நீலப் பூஞ்சைப் பாலாடைக்கட்டி, ரூபியோடு இனிப்புக் குறைந்த கறுப்புச் சாக்லேட், டானியோடு வறுத்த பாதாம் என்று வைத்துப் பாருங்கள்.