திருகோணமலையில் வாடகைக்கு வீடு கட்டுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டிலிருந்து தம்பி காசு அனுப்புகிறார், உப்புவெளியில் காணி சும்மா கிடக்கிறது, நாலு அறையோடு ஒரு வீட்டைக் கட்டி வாடகைக்கு விடுவோம். திருகோணமலையில் இந்தப் பேச்சு நடக்காத குடும்பம் குறைவு. கல் என்ன விலை, கம்பி என்ன விலை என்று மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். அந்த வீட்டில் யார் வந்து இருக்கப் போகிறார் என்பதை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. மற்றத் தவறுகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

சனம் கூடினால் வாடகையும் கூடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் வீடு கேட்பது குடும்பம். எத்தனை அடுப்பு எரிகிறது என்பதுதான் கணக்கு. 1981இல் இலங்கையில் ஒரு வீட்டில் சராசரியாக ஐந்து பேருக்குக் கொஞ்சம் மேல் இருந்தார்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் அது நாலு பேருக்கும் கீழே வந்துவிட்டது. 1981இல் நூறு பேருக்கு ஏறக்குறைய 20 வீடு போதும், 2012இல் அதே நூறு பேருக்கு 26 வீடு வேண்டும். ஒரு ஊரில் ஆட்தொகை கூடாமலே வீட்டுத் தேவை கூடுவது இப்படித்தான்.

சரி, அப்படியென்றால் புதிதாகக் கலியாணம் கட்டும் எல்லோரும் வாடகைக்கு வருவார்களா? இங்கே வரமாட்டார்கள். கிழக்கில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்கும் வழக்கம் இன்னும் உறுதியாக இருக்கிறது. இருக்கிற வீட்டையே மகளுக்கு எழுதிவிட்டுப் பெற்றோர் பின்வளவில் சின்னதாக ஒன்று போட்டுக்கொள்வதையும் பார்க்கிறோம். அந்தச் சோடி சீமெந்து வாங்கும், வாடகை கொடுக்காது. கொழும்பு நிலவரத்தை வைத்து இங்கே போடும் கணக்கு தவறிப்போவது இதனால்தான்.

திருகோணமலையில் வாடகை கொடுப்பவர்கள் பெரும்பாலும் வேலையால் வந்தவர்கள்: இடமாற்றத்தில் வந்த ஆசிரியர், வைத்தியசாலைத் தாதியர், மாகாண அலுவலக உத்தியோகத்தர், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாக மாணவர்கள். தனி ஆள், அல்லது கணவன் மனைவி ஒரு பிள்ளை. இவர்களுக்கு நாலு அறையும் பெரிய ஹோலும் சுமை.

ஆனாலும் கட்டுபவர் தன் குடும்பத்தை மனதில் வைத்துத்தான் கட்டுகிறார். சாமியறை, விருந்தினர் அறை, முன்னால் அகலமான விறாந்தை. வீடு பார்க்க வரும் தாதி கேட்பது வேறு: வாசல் தனியா? குளியலறை உள்ளேயா? இரவு வேலை முடிந்து வந்தால் மோட்டார் சைக்கிளைக் கேற்றுக்குள் விடலாமா? மின்மானி தனியா? கடைசிக் கேள்வியை அலட்சியம் செய்யாதீர்கள். கீழே வீட்டுக்காரர், மேலே வாடகைக்காரர், இரண்டுக்கும் ஒரே மீற்றர் என்றால், கிணற்று மோட்டாருக்கு யார் காசு என்பதில் தொடங்கும் மனக்கசப்பில் நல்ல ஆட்கள் எழும்பிப் போய்விடுவார்கள். அதே செலவில் தனி வாசலுள்ள இரண்டு சின்ன வீடாக, அதாவது அனெக்ஸாகப் பிரித்து, ஆளுக்கொரு மீற்றர் போட்டால், ஒன்று காலியானாலும் மற்றது வருமானம் தரும். அரச இடமாற்றங்கள் பெரும்பாலும் ஜனவரியில் நடைமுறைக்கு வருவதால், மேல்பூச்சும் வயரிங்கும் நவம்பருக்குள் முடிந்திருக்க வேண்டும். மார்ச்சில் திறக்கும் வீடு ஆளுக்குக் காத்திருக்கும்.

நிலாவெளிப் பக்கம் வேறு ஒரு மயக்கம். ஜூலை மாதம் சுற்றுலாப் பயணிகளுக்கு விடும் ஓர் அறைக்கு ஒரு நாளைக்குக் கிடைப்பதை 365ஆல் பெருக்கிவிடுகிறார்கள். வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கினால் கடல் கொந்தளிக்கும், வெளிநாட்டுக்காரர் தெற்குக் கரைக்குப் போய்விடுவார்கள். ஒக்டோபர் கடைசியிலிருந்து சில மாதங்கள் அறைகள் வெறிச்சோடும். வேலையாளின் சம்பளமும் உப்புக்காற்றில் கம்பி துருவேறுவதும் அப்போது நிற்காது. சீசன் வருமானத்தைத் தனியாகவும் நிரந்தர வாடகையைத் தனியாகவும் எழுதிப் பாருங்கள்.

பெரிய திட்டம் வருகிறது என்ற கதையை நம்பிக் காணி வாங்குவது எனக்கு மிகவும் கவலை தருவது. சம்பூரில் அனல் மின்நிலையம் வருகிறது என்றார்கள். 2016இல் அது கைவிடப்பட்டது. பிறகு அங்கே சூரியசக்தித் திட்டம் வந்தது. பலகைகளைப் பொருத்தி முடித்தபின் அதை நடத்தச் சிறு ஆளணி போதும். இருக்கிற அலுவலகமே போய்விடுவதும் உண்டு. 2006இல் வடக்கு, கிழக்கு மாகாணங்களின் இணைப்பு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, திருகோணமலை வரோதயநகரில் இயங்கிய வடமாகாண அலுவலகங்கள் படிப்படியாக வடக்கே போயின. கூடவே அங்கே வேலை செய்த குடும்பங்களும் போயின. ஒரே அலுவலகத்தை நம்பிக் கட்டினால் இதுதான் ஆபத்து.

காசுக் கணக்குக்கு ஓர் உதாரணம். காணியும் வீடும் சேர்ந்து 2 கோடி ரூபா, மாத வாடகை 60,000. வருடத்துக்கு 7 இலட்சத்து 20 ஆயிரம், அதாவது போட்ட காசில் 3.6 வீதம். ஒரு மாதம் காலியாகி, திருத்த வேலையும் வந்தால் 3 வீதத்துக்கு வந்துவிடும். 2022 கடைசியில் அரசு வாங்கும் குறுகிய காலக் கடனான திறைசேரி உண்டியலின் வட்டியே 30 வீதத்தைத் தாண்டியிருந்தது. அப்போது கடன் வாங்கிக் கட்டியவர்களின் நிலையை யோசியுங்கள். இப்போது வட்டி இறங்கியிருக்கிறது, அது அப்படியே இருக்கும் என்று எழுதித் தர யாரும் இல்லை. கடன் தவணையை வாடகையே கட்டிவிடும் என்று எண்ணி இறங்காதீர்கள்.

அப்புறம் காணி உறுதி விஷயம். மாவட்டத்தில் பேர்மிட் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி நிறைய. பிரதேச செயலாளரின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் அதைக் கைமாற்ற முடியாது. தரகர் காட்டும் கடதாசி எதுவானாலும் முதலில் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். வாடகையையும் வாய்ப்பேச்சில் விடாதீர்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட்டால்தான் சட்டப்படி செல்லும் என்பது 1840ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்திலிருந்தே வரும் விதி. தெரிந்த பிள்ளைதானே, ஊர்க்காரர்தானே என்று விடும் வீடுகளில்தான் முற்பணம் எவ்வளவு, எப்போது எழும்ப வேண்டும் என்ற சண்டை நீதிமன்றம் வரை போகிறது.