'வெல்வெட் கோல்ட்மைன்' படத்தைக் குழம்பாமல் பார்ப்பது எப்படி?

டாட் ஹெய்ன்ஸ் 1998-இல் எடுத்த இந்தப் படத்தை யாருக்குப் போட்டுக் காட்டினாலும், அரை மணி நேரத்துக்குள் "இது பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவி கதைதானே?" என்று கேட்டுவிடுகிறார்கள். பாதி உண்மை. ஆனால் போவியைத் தேடிக்கொண்டே பார்த்தால் படம் கைநழுவிப் போகும். நீங்கள் பின்தொடர வேண்டிய ஆள் ஆர்தர். கிறிஸ்டியன் பேல் நடித்த ரசிகன்.

படத்துக்கு முன்னால் ஒரே ஒரு வீட்டுப்பாடம். 1972 ஜூலையில் பிபிசியின் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' நிகழ்ச்சியில் போவி 'ஸ்டார்மேன்' பாடிய காட்சியைப் பாருங்கள். கிதார் வாசிக்கும் மிக் ரான்சனின் தோளில் சாவகாசமாகக் கை போடுகிறார், அவ்வளவுதான். இங்கிலாந்தில் ஆண்களுக்கிடையேயான உறவு குற்றமில்லை என்று, அதுவும் 21 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும், சட்டம் வந்தது 1967-இல். அந்தக் கை எத்தனை வீடுகளின் கூடத்தைக் கலக்கியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அப்புறம் படத்தில் ஆர்தர் அப்பா அம்மாவோடு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறான். டிவி திரையில் பிரையன் ஸ்லேட், அதாவது போவியை நினைவூட்டும் அந்த ராக் பாடகன், ஆண்களையும் பிடிக்கும் என்று தன்னைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறான். "அது நான்தான் அப்பா!" என்று ஆர்தர் துள்ளிக் குதித்துக் கத்துகிறான், மனசுக்குள் மட்டும். என்னைக் கேட்டால் படமே இந்த ஒரு நிமிடம்தான்.

காலக்குழப்பத்துக்கு வழி எளிது. நிறம் மங்கி, எல்லோரும் சோர்ந்து தெரிந்தால் 1984. பளபளப்பு இருந்தால் எழுபதுகள். 1984-இல் நிருபராக இருக்கும் ஆர்தர், பத்து வருடம் முன்பு மேடையில் சுடப்பட்டதாக நாடகமாடிய ஸ்லேட் என்ன ஆனான் என்று விசாரிக்கிறான். ஒருவரைப் பற்றிப் பலரிடம் விசாரித்துக் கதை சொல்லும் பழைய ஹாலிவுட் படமான 'சிட்டிசன் கேன்' அமைப்பேதான்: பழைய மேனேஜர், முன்னாள் மனைவி என்று ஆளுக்கொரு நினைவு. முரண்பட்டால் விட்டுவிடுங்கள், நினைவு அப்படித்தான்.

தொடக்கத்தில் ஒரு விண்கலம் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டைக் கைக்குழந்தையாக ஒரு வீட்டு வாசலில் விட்டுப்போகும். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். அந்தக் குழந்தையோடு வரும் பச்சைக்கல் ப்ரூச்சில் (உடையில் குத்தும் அணிகலன்) மட்டும் கண் இருக்கட்டும். கடைசிவரை அது யார் யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள்.

சத்தத்தைக் குறைக்காதீர்கள். முழுச் சத்தத்தில் ஓட்ட வேண்டும் என்று படமே ஆரம்பத்தில் எழுதிக் காட்டுகிறது. போவி தன் பாடல்களைத் தர மறுத்துவிட்டார். நல்லதாகப் போயிற்று என்பேன். அந்த இடத்தில் அதே காலத்து இசைக்குழுவான ராக்ஸி மியூசிக்கின் பாடல்கள் வந்தன. ரேடியோஹெட் இசைக்குழுவின் தாம் யார்க் பாட, அசல் ராக்ஸி மியூசிக்கின் ஆண்டி மக்கேயே சாக்ஸபோன் வாசித்தார். கர்ட் வைல்ட் என்ற ராக் பாடகனாக வரும் யூவன் மெக்ரெகர் சொந்தக் குரலில்தான் கத்துகிறார். அந்தப் பாத்திரத்தில் நிஜ ராக் பாடகர்களான இகி பாப்பும் லூ ரீடும் கலந்திருக்கிறார்கள்.

உடைகள் சாண்டி பவல். அந்த வருடம் அவருக்கு இரண்டு ஆஸ்கர் பரிந்துரைகள். விருது கிடைத்தது 'ஷேக்ஸ்பியர் இன் லவ்' படத்துக்கு. நானாக இருந்தால் இதற்குத்தான் கொடுத்திருப்பேன்.

நிர்வாணம், போதை எல்லாம் உண்டு, எனவே யாரோடு பார்க்கிறீர்கள் என்று முன்பே முடிவு செய்யுங்கள். படத்தில் வரும் டாமி ஸ்டோன் யார் என்று மட்டும் தேடிப் படித்துவிட்டு உட்காராதீர்கள்.