வாய்ப் புற்று அறுவைக்குப் பின் ஃபிளாப்பைப் பாதுகாப்பது எப்படி?

வாய்ப் புற்றுநோய்க்காகக் கன்னத்தின் உட்புறத்தையோ நாக்கில் பாதியையோ தாடை எலும்பையோ அகற்றிய பின், அந்தப் பள்ளத்தை நிரப்ப உடலின் வேறொரு பகுதியிலிருந்து தோலையும் சதையையும், வேண்டியிருந்தால் எலும்பையும், அவற்றின் ரத்தக் குழாய்களோடு சேர்த்து எடுத்துப் பொருத்துகிறார்கள். இதற்கு வார்டில் வழங்கும் பெயர் ஃபிளாப். நாக்குக்கும் கன்னத்துக்கும் பெரும்பாலும் முன்கை அல்லது தொடையிலிருந்தும், தாடைக்குக் கணுக்காலுக்கு மேலுள்ள வெளிப்புறச் சிற்றெலும்பிலிருந்தும் எடுப்பார்கள். அதன் குழாய்கள் சில மில்லிமீட்டர் அகலமே உள்ளவை; நுண்ணோக்கியின் கீழ், தலைமுடியை விட மெல்லிய நூலால் கழுத்துக் குழாய்களோடு அவை தைக்கப்படுகின்றன. அந்தத் தையல் அடைபட்டால் ஃபிளாப் செத்துவிடும் என்பதால், துணைக்கு இருப்பவரின் கவனமும் ஒரு மருந்துதான்.

அறுவைக்கு முன்பே தொடங்குங்கள். பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடும் புகையிலை, பாக்கெட் புகையிலை எதுவாயினும் உடனே நிறுத்த வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டும். எந்தக் கையிலிருந்து தோல் எடுக்கப் போகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொண்டு, அந்தக் கையில் ஊசி போடவோ ரத்தம் எடுக்கவோ வருபவரிடம் அதில் வேண்டாம் என்று தயங்காமல் சொல்லுங்கள். சொத்தைப் பற்களை எடுப்பதானால் அறுவைக்குப் பின் வரக்கூடிய கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது.

முதல் மூன்று நாள்தான் கண்டம். செவிலியர் மணிக்கொரு முறை டார்ச் அடித்துப் பார்ப்பதும், சில நேரம் ஊசி முனையால் குத்திப் பார்ப்பதும் நோயாளியைத் துன்புறுத்த அல்ல. பளிச்சென்ற சிவப்பு ரத்தம் மெல்லக் கசிந்தால் ஃபிளாப் உயிரோடு இருக்கிறது என்று பொருள். வெளிறிச் சில்லிட்டால் உள்ளே ரத்தம் வரவில்லை. நீலம் பாரித்து வீங்கினால் வந்த ரத்தம் திரும்பிப் போகவில்லை. இதுவே அதிகம் நேர்வது. நிறம் மாறியதாகத் தோன்றினால் இரவு இரண்டு மணியானாலும் எழுப்பிச் சொல்லுங்கள், ஏனெனில் உடனே திரும்பத் திறந்து அடைப்பை நீக்கினால் பல ஃபிளாப்புகள் பிழைக்கின்றன, விடியட்டும் என்று காத்திருந்தால் பிழைப்பது அரிது. மருத்துவர் வைத்த கோணத்திலிருந்து தலையைத் திருப்பாதீர்கள். மூச்சுவிடக் கழுத்தில் பொருத்திய குழாயைப் பிடிக்கும் நாடா கழுத்தை இறுக்கினால் ஃபிளாப்பின் குழாயும் நசுங்கும். இறுக்கமாகத் தெரிந்தால் நீங்களே அவிழ்க்காமல் செவிலியரை அழையுங்கள். பேச முடியாத அந்நாட்களில் ஒரு சிலேட்டும் பல்பமும் பேருதவி. மூக்குக் குழாய் வழியாகவே உணவு போகும். மருத்துவர் சொல்லும் வரை ஒரு மிடறு தண்ணீர்கூட வாயால் தரலாகாது.

வீடு திரும்பிய பின் பலர் அறியாத ஒன்று உண்டு. ஃபிளாப்புக்குப் பொதுவாக உணர்ச்சி இராது. சூடான ரசம் பட்டுப் பொத்துப்போனாலும், குழைந்த சோறு அதன் மடிப்பில் தங்கிப் புளித்தாலும் நோயாளிக்குத் தெரியாது. ஆகவே எதையும் ஆறவைத்துக் கொடுத்து, ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் வாய் கொப்பளிக்கச் செய்து, கண்ணாடியும் டார்ச்சும் வைத்து உள்ளே பாருங்கள். கைத்தோலில் முளைக்கும் ரோமம் வாய்க்குள்ளும் முளைக்கும்; பயப்பட வேண்டாம், கதிர்வீச்சில் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். கழுத்துத் தையலில் எச்சிலோ பாலோ கசிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தம் கொட்டினால் அழுத்திப் பிடித்தபடியே கிளம்புங்கள்.

மருத்துவர் அனுமதித்ததும் வாய் திறக்கும் பயிற்சியைத் தொடங்க வேண்டும். ஐஸ்கிரீம் மரக் குச்சிகளை அடுக்காகப் பற்களுக்கிடையே வைத்து, வலி பொறுக்கும் அளவுக்குச் சில நாளுக்கு ஒரு குச்சியாகக் கூட்டி வாருங்கள்; எண்ணிக்கையைக் காலண்டரில் குறித்தால் குறையும்போது உடனே தெரியும். கழுத்து நெறிக்கட்டிகளை எடுத்தவர்களுக்குத் தோள் தொங்கக்கூடும் என்பதால் கைதூக்கும் பயிற்சியும் சேர்ந்தே நடக்க வேண்டும். கதிர்வீச்சு தேவை என்று சொல்லியிருந்தால் அறுவையிலிருந்து ஆறு வாரத்துக்குள் தொடங்குவதே முறை. முகம் தேறிவிட்டது என்று அந்தத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.