லேஸ் அவிழாமல், குதிகால் நழுவாமல் ஓடும் ஷூவைக் கட்டுவது எப்படி?

ஓட ஆரம்பித்துப் பத்து நிமிடம் ஆகியிருக்கும், உடம்பு அப்போதுதான் சூடேறியிருக்கும். சடக் சடக் என்று லேஸ் கணுக்காலில் அடிக்கத் தொடங்கும். நடைபாதை ஓரமாக ஒதுங்கி, குனிந்து, கட்டி நிமிர்வதற்குள் மூச்சின் தாளம் போய்விடும். அடுத்த சிக்னலில் மற்றக் கால் அவிழும். இரட்டை முடிச்சு போட்டால் லேஸ் நிற்கும். ஆனால் வியர்வையிலும் மழையிலும் ஊறிய இரட்டை முடிச்சை அவிழ்க்க நகமும் பல்லும் வேண்டும். குதிகால் நழுவுவதையும் அது தடுக்காது.

ஷூவின் அளவு சரிதான் என்று எடுத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். நின்றபடி பார்த்தால், நீளமான கால்விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். சிலருக்குப் பெருவிரலைவிட அடுத்த விரல் நீளம். அவர்கள் அந்த விரலை வைத்துப் பார்க்க வேண்டும். ஷூ குட்டையாக இருந்தால் எந்தக் கட்டும் நகம் கருப்பதைத் தடுக்காது.

லேஸ் எது?

தட்டை லேஸ். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. உருண்டையான, வழவழப்பான நைலான் லேஸ் பார்க்க அழகு, கட்ட எரிச்சல். முடிச்சுக்குள் பிடிமானமே இருக்காது. சொரசொரப்பான பாலியெஸ்டர் தட்டை லேஸ் நன்றாகப் பிடிக்கும். ஆறு ஜோடித் துளை உள்ள ஷூவுக்கு 110 முதல் 120 செ.மீ. நீளம் போதும். குதிகால் பூட்டு (குதிகால் நழுவாமல் மேல் துளைகளில் லேஸை மாட்டும் முறை, படி 3-இல் வருகிறது) போடும்போது இரு பக்கமும் சில செ.மீ. உள்ளே போய்விடும். இப்போதே நுனி குட்டையாக இருக்கிறது என்றால் ஒரு அளவு நீளமாக வாங்குங்கள்.

இழுத்தால் போதும் என்று விற்கும் எலாஸ்டிக் லேஸ், நீந்தி, சைக்கிள் ஓட்டி, அதே வேகத்தில் ஷூ மாட்டி ஓடும் டிரையத்லான்காரர்களுக்குச் சரி. கீழே தளர்வு, மேலே இறுக்கம் என்று பகுதி பகுதியாக வைக்க அதில் முடியாது. தினசரி ஓட்டத்துக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

லேஸ் ஏன் அவிழ்கிறது?

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துப் பொறியாளர்கள் 2017-இல் இதற்கென்றே ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். டிரெட்மில்லில் ஓடுபவரின் ஷூவை அதிவேகக் கேமராவில் படம்பிடித்துப் பார்த்தார்கள். கால் தரையில் மோதும்போது புவியீர்ப்பைப் போல ஏழு மடங்கு முடுக்கம் முடிச்சைத் தாக்குகிறது. முடிச்சு நீண்டு, பிறகு தளர்கிறது. கால் முன்னும் பின்னும் வீசும்போது தொங்கும் நுனிகள் சாட்டைபோல வீசி, தளர்ந்த முடிச்சை வெளியே இழுக்கின்றன. இரண்டும் சேர வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து காலை மட்டும் ஆட்டினாலோ, நின்ற இடத்தில் தரையை மட்டும் மிதித்தாலோ அவிழவில்லை. வெகுநேரம் அசையாமல் இருந்த முடிச்சு, தளரத் தொடங்கிவிட்டால் சில நொடிகளில் முழுதும் கழன்றுவிடும். ஓடும்போது ‘இப்போதுதானே இறுக்கமாக இருந்தது’ என்று தோன்றுவது அதனால்தான்.

ஆகவே முடிச்சின் அடி இறுக்கமாக இருக்க வேண்டும், தொங்கும் நுனி குட்டையாக இருக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இதற்காகத்தான்.

படி 1: குதிகாலைப் பின்னுக்குத் தள்ளுதல்

ஷூவுக்குள் காலை விட்டதும் முன்பாதத்தைத் தூக்கி, குதிகாலைத் தரையில் இரண்டு தட்டு தட்டுங்கள். குதிகால் பின்சுவரோடு ஒட்டி உட்காரும். லேஸ் கட்டி முடிக்கும்வரை முன்பாதம் தூக்கியபடியே இருக்கட்டும். பாதத்தைத் தட்டையாக ஊன்றிக் கட்டினால் கால் அரை செ.மீ. முன்னால் நகர்ந்த நிலையிலேயே பூட்டப்பட்டுவிடும்.

படி 2: கீழிருந்து மேலே இறுக்குதல்

மேல் நுனியை மட்டும் பிடித்து ஒரே இழுப்பாக இழுக்காதீர்கள். விரல்பக்கத்துக் குறுக்குகள் தளர்வாகவும், பாதத்தின் நடுவில் மிதமாகவும், கணுக்காலை நெருங்கும்போது இறுக்கமாகவும் ஒவ்வொரு குறுக்காக இழுத்து வாருங்கள். நடுக் குறுக்கின் அடியில் ஒரு விரல் நுழைய வேண்டும். நெடுநேர ஓட்டத்தில் பாதம் வீங்கும். வீட்டில் கச்சிதமாக இருந்த கட்டு பத்தாவது கிலோமீட்டரில் நெரிக்கும். ஷூவின் நாக்கு ஒரு பக்கமாகச் சரிகிறது என்றால், நாக்கின் நடுவில் ஒரு சிறு துணிப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். லேஸ் அதற்குள் புகுந்து போக வேண்டும்.

படி 3: குதிகால் பூட்டு

பெரும்பாலான ஓடும் ஷூக்களில் மேலே, மற்றத் துளைகளின் வரிசையிலிருந்து சற்றுப் பின்தள்ளி, ஒரு கூடுதல் துளை இருக்கும். அதை என்ன செய்வது என்று தெரியாமலே பலர் ஷூவைத் தேய்த்துத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

வழக்கம்போல் குறுக்குக் குறுக்காக அதற்கு முந்தைய துளைவரை கோர்த்துவிடுங்கள். இப்போது இடப்பக்க லேஸை இடப்பக்கத்துக் கூடுதல் துளைக்குள், வெளியிலிருந்து உள்ளே செருகுங்கள். முழுதாக இழுக்காமல், வெளிப்பக்கத்தில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு கண்ணி விடுங்கள். வலப்பக்கமும் அப்படியே. பிறகு இடப்பக்க நுனியை வலப்பக்கக் கண்ணிக்குள்ளும், வலப்பக்க நுனியை இடப்பக்கக் கண்ணிக்குள்ளும் நுழையுங்கள்.

இழுக்கும் திசைதான் இங்கே கவனிக்க வேண்டியது. நேராக மேல்நோக்கி இழுத்தால் கண்ணி இறுகாது. முதலில் இரு நுனிகளையும் பக்கவாட்டில், கீழே குதிகால் இருக்கும் திசைக்கு இழுங்கள். கண்ணிகள் சுருங்கித் துளையோடு ஒட்டியதும் மேலே கொண்டுவந்து முடிச்சு போடலாம். நின்று குதிகாலை மட்டும் தூக்கிப் பாருங்கள், ஷூவும் கூடவே எழும்ப வேண்டும். குதிகால் நழுவாவிட்டால் பின்னங்காலில் கொப்புளம் வராது. இறக்கத்தில் ஓடும்போது விரல் முன்னால் போய் முட்டுவதும் குறையும்.

படி 4: முடிச்சு

மற்றப் படிகளை அவசரத்தில் விட்டுவிட்டால்கூடப் பாதகமில்லை, இதை விடாதீர்கள்.

ஷூ லேஸ் கட்டும்போது இரண்டு முடிச்சுகள் போடுகிறோம். முதலில் லேஸை ஒன்றின்மேல் ஒன்று மாற்றிப் போடும் அடிமுடிச்சு. அதன்மேல் கண்ணி வைத்துப் போடும் சுருக்கு. இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுற்றப்பட்டால் கிடைப்பது சாரணர்களுக்குத் தொடக்கத்திலேயே கற்றுத்தரும் ரீஃப் நாட் (reef knot) என்ற முடிச்சின் வகை. இரண்டும் ஒரே திசையில் சுற்றப்பட்டால் அது கிரானி நாட் (granny knot). முதல் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ரீஃப் பிடித்து நிற்கும், கிரானி எளிதில் அவிழும். சிறு வயதில் கிரானி முடிச்சைப் பழகியவருக்கு விரல்கள் அதை ஆயுள்வரை மறக்காது.

எது உங்களுடையது? கட்டிவிட்டு மேலிருந்து பாருங்கள். பட்டாம்பூச்சி இறக்கைபோல் கண்ணிகள் இரண்டும் ஷூவுக்குக் குறுக்கே, இடமும் வலமுமாகக் கிடந்தால் ரீஃப். சற்று நடந்தபின் ஒரு கண்ணி விரலை நோக்கியும் மற்றது கணுக்காலை நோக்கியும் திரும்பிக்கொண்டால் கிரானி. சந்தேகம் இருந்தால் கண்ணிகளுக்கு அடியில் லேஸைப் பிடித்துப் பக்கவாட்டில் லேசாக இழுங்கள். கிரானி உடனே திரும்பிவிடும்.

திருத்துவது எளிது. அடிமுடிச்சில் இடதை வலதின்மேல் போடும் பழக்கம் இருந்தால், இனி வலதை இடதின்மேல் போடுங்கள். சுருக்கு போடும் முறையைத் தொடவே வேண்டாம். புதிதாகப் பழகுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான்: அடிமுடிச்சை மாற்றியதும் கை தானாகச் சுருக்கையும் எதிர்ப்பக்கம் சுற்றிவிடும். இரண்டும் மாறினால் மீண்டும் கிரானிதான். கண்ணாடியில் பார்த்த கிரானி, அவ்வளவே. ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். முதல் ஒரு வாரம் கட்டியவுடன் கண்ணிகள் குறுக்கே கிடக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இதோடு இன்னொரு சிறு கூடுதல். சுருக்கு போடும்போது கண்ணியைச் சுற்றி லேஸை ஒரு சுற்று சுற்றுகிறோம் அல்லவா, அதை இரண்டு சுற்றாக ஆக்குங்கள். இரண்டு சுற்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் படியட்டும். இரண்டாவது கண்ணியை இரண்டு சுற்றுக்கும் அடியில் நுழைத்து, இரு கண்ணிகளையும் இழுத்து இறுக்குங்கள். ஒரு சுற்றுக்கு மட்டும் அடியில் போனால் முடிச்சு கோணலாகிப் பாதி ஓட்டத்தில் நெகிழும். இந்த முடிச்சு ஓட்டத்தைத் தாங்கும், நுனியை இழுத்தால் சாதாரணச் சுருக்குபோலவே அவிழும். இரட்டை முடிச்சு இனி தேவையில்லை.

படி 5: தொங்கல்களை அடக்குதல்

கண்ணிகளும் நுனிகளும் ஒரு விரல் நீளத்தைத் தாண்டினால், விரல்பக்கத்துக் குறுக்குகளின் அடியில் செருகிவிடுங்கள். சைக்கிள் செயினிலும் முட்செடியிலும் சிக்காது. சாட்டை வீச்சும் இராது. லேஸை வெட்டிக் குட்டையாக்குவதாக இருந்தால் நுனியில் பூண் இருக்காது, பிரிபிரியாகும். பாலியெஸ்டர் என்றால் தீக்குச்சிச் சுடரை அருகில் காட்டி உருக்கி விடலாம். பருத்தியை இப்படிச் செய்யாதீர்கள், பற்றிக்கொள்ளும். அதற்குப் பசை டேப் சுற்றுங்கள்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

பாதத்தின் மேற்புறம் மரத்துப்போகிறது. அங்கே தோலுக்குச் சற்று அடியிலேயே நரம்பு ஓடுகிறது; லேஸின் குறுக்கு அதை அமுக்குகிறது. எந்த இடத்தில் அமுங்குகிறது என்று விரலால் தொட்டுப் பார்த்து, அந்த ஒரு இடத்தில் மட்டும் குறுக்கே போகாமல், இரு பக்கமும் லேஸை நேராக மேல் துளைக்கு ஏற்றுங்கள். அதற்குமேல் வழக்கம்போல் குறுக்கே போகலாம். உயரமான பாதவளைவு உள்ளவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

குதிகால் பூட்டு போட்டபின் கணுக்கால் முன்புறம் வலிக்கிறது. மேலே அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறீர்கள். அங்கே தசைநாண்கள் ஒவ்வொரு எட்டிலும் அசைகின்றன. பூட்டு இருக்கட்டும், அதற்கு மேல் போடும் முடிச்சை மட்டும் கொஞ்சம் தளர்த்துங்கள். அப்படியும் வலி நிற்காவிட்டால் பூட்டைக் கைவிடுங்கள்.

என் ஷூவில் கூடுதல் துளையே இல்லை. கடைசித் துளையையே அதற்குப் பயன்படுத்தலாம். அதற்கு முந்தைய துளையோடு குறுக்குக் கோர்ப்பை நிறுத்திவிட்டு, கடைசித் துளையில் கண்ணி விடுங்கள். பிடிப்பு சற்றுக் குறையும்.

வீட்டுச் சாவியை லேஸில் கட்டலாமா? ஒற்றைச் சாவி என்றால் கட்டலாம், கொத்து வேண்டாம். ஆனால் நுனியில் தொங்கவிட்டால் அந்த எடையே முடிச்சை இழுத்து அவிழ்த்துவிடும். நடுக் குறுக்கில் கோர்த்து, தட்டையாகப் படுக்கவைத்து, மேலே கட்டுங்கள். பந்தயங்களில் ஷூவில் மாட்டத் தரும் நேரச் சிப்புக்கும் இதே இடம்தான். குதிகால் பூட்டுக் கண்ணிகளுக்கு நடுவில் அதைத் திணிக்காதீர்கள்.

நுனியை இழுத்தும் அவிழவில்லை. கட்டும்போதோ செருகும்போதோ அந்த நுனி தன் பக்கத்துக் கண்ணிக்குள் புகுந்திருக்கும். அப்படியே இழுத்தால் அவிழ்க்க முடியாத முடிச்சாகிவிடும், ஈரமாக இருந்தால் இன்னும் மோசம். இழுப்பதை நிறுத்திவிட்டு, நுனியைக் கண்ணியிலிருந்து வெளியே எடுத்து, பிறகு இழுங்கள். ஏற்கெனவே இறுகிப்போயிருந்தால் மழுங்கிய முனையுள்ள எதையாவது முடிச்சின் நடுவில் விட்டு நெகிழ்த்தலாம். பொறுமையிழந்து ஒரு காலால் மறுகாலின் குதிகாலை மிதித்து ஷூவைக் கழற்றாதீர்கள். பின்சுவர் மடங்கிவிட்டால் எத்தனை பூட்டு போட்டாலும் குதிகால் நிற்காது.